தொட்டியின் வெப்பம், மீனின் வேகம்

மீனின் உடலுக்குத் தனக்கென்று ஒரு வெப்பநிலை கிடையாது. மார்கழிப் பனி கொட்டினாலும் சித்திரை வெயில் காய்ந்தாலும் நம் உடல் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. உண்ணும் உணவில் பெரும்பங்கை அதற்காகவே எரிக்கிறோம். மீன் அந்தச் செலவைச் செய்வதில்லை. செவுளுக்குள் வரும் இரத்தம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் அதே கணத்தில் தன் வெப்பத்தையும் சுற்றியுள்ள நீரிடம் விட்டுவிடுகிறது. சூரை போன்ற சில கடல் மீன்களை விலக்கிவிட்டால், நீர் 24 டிகிரி என்றால் மீனின் ஈரலும் மூளையும் இதயமும் ஏறத்தாழ 24 டிகிரிதான். உடலின் வேதிவினைகளோ வெப்பத்துக்குக் கட்டுப்பட்டவை. நீர் 10 டிகிரி உயர்ந்தால் மீனின் வளர்சிதை மாற்றம் இரண்டிலிருந்து மூன்று மடங்கு வரை கூடும். ஆகவே ஹீட்டரின் திருகைத் திருப்புகிறவர் மீனுக்குப் போர்வை போர்த்துவதாக எண்ணக் கூடாது. அந்த மீன் எத்தனை முறை மூச்சுவிட வேண்டும், எவ்வளவு தின்ன வேண்டும், எவ்வளவு கழிவு வெளியேற்ற வேண்டும், எத்தனை விரைவில் மூப்படைய வேண்டும் என்பதையெல்லாம் அவர் அந்தத் திருகில் தீர்மானிக்கிறார்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நம் ஊர் வீட்டுத் தொட்டியில் ஹீட்டருக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு: இரவிலும் அடைமழையிலும் குளிர்சாதன அறையிலும் நீரின் வெப்பம் விரைந்து இறங்கிவிடாமல் தாங்குவது. அதற்கு மேல் ஏற்றிவைக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் மீன் வேறெங்கோ விலை கொடுக்கிறது.

தொட்டி வளர்ப்புப் புத்தகங்களில் ஹீட்டர் முதலிடம் பிடித்திருப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் கலை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் வேர்பிடித்தது. லண்டன் விலங்குக் காட்சிச் சாலையின் மீன் கூடம் 1853-இல் திறக்கப்பட்டது. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே நீர் உறையும் நிலைக்கு அருகில் போகும். வெப்ப நாட்டு மீன் ஒன்று அந்த அறையில் ஒரு வாரம் உயிரோடிருக்க வேண்டுமானால் வெப்பமூட்டியே தீர வேண்டும். அந்த நாடுகளின் அனுபவத்தில் எழுதப்பட்ட அறிவுரை அப்படியே நம் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. சென்னையில் சனவரி மாதத்தின் சராசரி இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியது. மே மாதத்தின் சராசரிப் பகல் வெப்பம் 37 டிகிரிக்கு மேல். இங்கே தொட்டி நீர் ஆண்டின் பெரும்பகுதி தானாகவே 26-லிருந்து 31 டிகிரிக்குள் நிற்கும். ஊட்டியும் கொடைக்கானலும் வேறு கதை. அங்கே சனவரி இரவுகள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்குகின்றன, ஹீட்டர் இல்லாமல் ஏஞ்சலோ டெட்ராவோ பிழைக்காது.

வெப்பம் இறங்குவது ஏறுவதைவிடத் தொல்லையானது என்பதற்குத் தங்கமீனிடமே சான்று இருக்கிறது. கனடாவின் டொரோண்டோவில் எஃப்.இ.ஜே. ஃப்ரை என்ற விலங்கியலாளர் தம் குழுவினரோடு இளம் தங்கமீன்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் பழக்கி, எந்த எல்லையில் அவை சாகின்றன என்று அளந்து 1942-இல் வெளியிட்டார். ஓர் இனத்துக்கு மாறாத சாவு எல்லை என்று ஒன்று இல்லை என்பது அதில் தெளிவாயிற்று. மீன் பழகியிருக்கும் வெப்பம் 3 டிகிரி உயர்ந்தால் அது தாங்கும் மேல் எல்லை ஏறத்தாழ 1 டிகிரி உயர்ந்தது. தாங்கும் கீழ் எல்லையும் கூடவே மேலேறியது. அதாவது சூட்டுக்குப் பழகிய மீன் குளிரைத் தாங்கும் ஆற்றலில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. 30 டிகிரியில் வைத்துப் பழக்கிய தொட்டியில் ஒரு மழை இரவு மின்சாரம் நின்றால், 25 டிகிரியில் பழகிய தொட்டியைவிட அங்கே ஆபத்து கூடுதல். வேகத்திலும் இந்தச் சமமின்மை உண்டு. வெதுவெதுப்புக்குப் பழகிக்கொள்ள மீனுக்குப் பெரும்பாலும் ஓரிரு நாள் போதும். குளிருக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும்.

ஏன் இவ்வளவு நாள் வேண்டும்? விடை உயிரணுவின் சவ்வில் இருக்கிறது. ஒவ்வொரு உயிரணுவையும் சூழ்ந்துள்ள கொழுப்புப் படலம் ஓரளவு நெகிழ்ந்து இருந்தால்தான் அதில் பதிந்த புரதங்கள் உப்புகளை உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் முடியும். குளிரில் அந்தப் படலம் விறைக்கிறது. மீன் அதைச் சரிசெய்யப் படலத்தின் கொழுப்பு அமிலங்களையே மாற்றிக் கட்டுகிறது. நிறைவுறாத கொழுப்பைக் கூட்டி, படலத்துக்கு மறுபடி நெகிழ்ச்சி தருகிறது. தங்கமீனின் மூளை நரம்புச் சவ்வுகளிலேயே இந்த மாற்றத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். இது அணு அணுவாக நடக்கும் மராமத்து. அரை மணி நேரத்தில் 5 டிகிரி இறங்கிய தொட்டியில் மீனுக்கு அதைத் தொடங்கக்கூட நேரம் கிடைப்பதில்லை. நன்னீர் மீன் தன் உடல் உப்பு வெளியேறாமல் ஓயாமல் போராடும் உயிர். செவுளின் சவ்வுகள் விறைத்தால் அந்தப் போராட்டம் தளர்கிறது. துடுப்பை மடக்கிக்கொண்டு மீன் அடித்தரையில் ஒடுங்கிக் கிடப்பதை அப்போது காணலாம்.

குளிருக்கு அஞ்சி மேலேற்றினால் என்ன ஆகும்? முதல் கணக்கு ஆக்சிஜன். காற்றோடு நன்றாகக் கலந்த நன்னீர் 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 25 டிகிரியில் அது 8.3, 30 டிகிரியில் 7.6. தேவையோ எதிர்த்திசையில் ஓடுகிறது. 20-லிருந்து 30-க்குப் போகும்போது நீரில் இருக்கும் ஆக்சிஜன் ஆறில் ஒரு பங்கு குறைய, மீன் கேட்கும் ஆக்சிஜன் இரு மடங்காகிவிடுகிறது. மே மாத விடியலில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காரணம் இதுதான். இரவு முழுவதும் தொட்டியில் வைத்த செடிகளும் ஒளிச்சேர்க்கையின்றி ஆக்சிஜனையே உண்டிருக்கும். அப்போது தீனி போடுவது உதவி ஆகாது. செரிமானத்துக்கும் ஆக்சிஜன் வேண்டும்.

இரண்டாவது கணக்கு அமோனியா. மீன் தன் புரதக் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே விடுகிறது. நீரில் அது இரண்டு உருவில் இருக்கும்: அதிகக் கேடு செய்யாத அமோனியம் அயனி, செவுளைக் கருக்கும் அமோனியா வாயு. எந்த உருவில் எவ்வளவு என்பதைக் கார அமில அளவும் வெப்பமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பி.எச். 8 உள்ள நீரில் 25 டிகிரியில் மொத்த அமோனியாவில் 5.4 விழுக்காடு நச்சு உருவில் இருக்கிறது. 30 டிகிரியில் அது 7.5 விழுக்காடு. கழிவின் அளவு கூடாமலேயே நஞ்சு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் காரமும் மிகுந்தது என்பதால் இந்தக் கணக்கு இங்கே கூடுதலாகவே பொருந்தும். ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தொட்டியைக் காக்கின்றன. அவையும் ஆக்சிஜனை நம்பியே வாழ்கின்றன. சூடேறிய, நெரிசலான தொட்டியில் மீனும் நுண்ணுயிரும் ஒரே ஆக்சிஜனுக்குப் போட்டியிடுகின்றன.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றச் சொல்கிறார்களே, பலருக்கு அது கைகொடுத்தும் இருக்கிறதே, அப்படியானால் சூடு மருந்துதானே? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. நோயைத் தருவது இக்தியோஃப்திரியஸ் என்னும் ஒற்றையணு ஒட்டுண்ணி. உப்புத் தூவியதுபோல் மீனின் தோலில் தெரியும் புள்ளிக்குள் அது தின்று கொழுக்கிறது. பிறகு கழன்று தரையில் விழுந்து கூடு கட்டி நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றியாக வேண்டும், இல்லையேல் சாகும். மருந்து தொடுவது நீந்தும் குஞ்சை மட்டும். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடியும் இந்தச் சுற்று குளிர்ந்த நீரில் பல வாரம் இழுக்கும். ஆகவே வெப்பத்தை ஏற்றுவது ஒட்டுண்ணியை விரைந்து மருந்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. 30 டிகிரியை எட்டும்போது அதன் பெருக்கமே தடுமாறுகிறது.

மீன்கள் தாமே இதை அறிந்து நடந்துகொள்கின்றன என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க நன்னீர் மீன்கள் இரண்டினுக்கு நோய்க்கிருமிகளை ஊசியில் செலுத்தி, வெவ்வேறு வெப்பமுள்ள அறைகளில் விரும்பிய இடத்துக்குப் போக விட்டுப் பார்த்த ஆய்வு 1976-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நோய்ப்பட்ட மீன்கள் வழக்கத்தைவிட வெதுவெதுப்பான நீரைத் தேடிப் போயின. உடல் தானே காய்ச்சலை உண்டாக்க முடியாததால், இடம் மாறிக் காய்ச்சலைத் தேடிக்கொண்டன. குளிரில் மீனின் நோய் எதிர்ப்பு, அதிலும் டி அணுக்களின் செயல், மந்தப்படுவதால் இதற்குப் பொருள் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வையே மறுபடி பாருங்கள். நலமாக இருந்த மீன்கள் அந்தச் சூட்டைத் தேடவில்லை. வெதுவெதுப்பைத் தேடிய மீன்களும் வேண்டாதபோது திரும்பிப் போக வழியுள்ள தொட்டியில் இருந்தன. நாம் வீட்டில் வைத்திருப்பது ஒரே வெப்பமுள்ள ஒற்றை அறை. அதில் காய்ச்சலை நிரந்தரமாக்கிவிட்டால் மீனுக்குப் போக்கிடம் இல்லை. வெப்பத்தால் எல்லா நோயும் அடங்கிவிடுவதும் இல்லை. வாயோரமும் முதுகிலும் பஞ்சு படிந்ததுபோல் வெளுக்கும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரிய நோயைப் பலர் பூஞ்சை என்று எண்ணுகிறார்கள். அது வெதுவெதுப்பான நீரில்தான் சீறிப் பரவும். நோய் எதுவென்று பார்க்காமல் ஹீட்டரை முறுக்குவது அந்த வேளையில் மீனைக் கொன்றுவிடும். வெள்ளைப் புள்ளிதான் என்று உறுதியானால், ஒரு நாளைக்கு 2 டிகிரிக்கு மேல் போகாமல் ஏற்றி, ஏர் ஸ்டோனைக் கூடுதலாகப் போட்டு, நோய் தீர்ந்ததும் அதே நிதானத்தில் இறக்குவதே முறை.

இன்னொரு மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். குளத்திலும் வாய்க்காலிலும் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் ஏறி இறங்கத்தானே செய்கிறது, மீன் அங்கே வாழவில்லையா? வாழ்கிறது. கங்கை, பிரம்மபுத்திராப் படுகைகளிலிருந்து உலகின் ஆய்வுக்கூடங்களுக்குப் போன வரிக்குதிரை மீனை அங்கே 28.5 டிகிரியில் வளர்க்கிறார்கள். அதன் தாய்நிலத்து நீர்நிலைகளிலோ பருவத்துக்கும் வேளைக்கும் தக்க வெப்பம் வெகுவாக மாறுகிறது. எனவே பகலில் 2 டிகிரி ஏறி இரவில் 2 டிகிரி இறங்குவதைக் கண்டு யாரும் பதற வேண்டாம். நூலிழை பிசகாத சீர்மையை நான் வற்புறுத்தவில்லை. குளத்தில் மாற்றம் மணிக்கணக்கில் நிகழ்கிறது, பல்லாயிரம் லிட்டர் நீர் அதைத் தாமதப்படுத்துகிறது, ஆழமும் நிழலும் மீனுக்குப் புகலிடம் தருகின்றன. நாலடித் தொட்டியில் இந்த மூன்றும் இல்லை. மீன் கிண்ணத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரு தொட்டியின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் இரட்டித்தால் அது கொள்ளும் நீர் 8 மடங்காகும், வெப்பம் வெளியேறும் பரப்போ 4 மடங்குதான் கூடும். எனவே பெரிய தொட்டி குளிர்வதற்கு இரு மடங்கு நேரம் எடுக்கும். வெப்பத்தைச் சீராக வைக்க வாங்கக்கூடிய பொருள்களில் முதன்மையானது பெரிய தொட்டி என்பேன். ஹீட்டர் அதற்குப் பின்தான்.

நீர் மாற்றும்போது நடக்கும் பிழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் வெப்ப அதிர்ச்சி பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது. கோடையில் மொட்டை மாடித் தொட்டியின் நீர் நண்பகலில் 39 டிகிரிக்குப் போயிருக்கலாம். 27 டிகிரியில் உள்ள 100 லிட்டர் தொட்டியில் 30 லிட்டரை எடுத்துவிட்டு அந்த நீரை ஊற்றினால் கலவை 30.6 டிகிரி. சில நிமிடங்களில் மூன்றரை டிகிரிக்கு மேல் தாவல். ஐப்பசி, கார்த்திகையில் அதே மாடித் தொட்டி விடியற்காலையில் எதிர்த்திசையில் அதிர்ச்சி தரும். ஆழ்துளைக் கிணற்று நீர் ஆண்டு முழுவதும் அந்த ஊரின் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருப்பதால் இந்த வகையில் நல்லது; ஆனால் அதில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு மிகுதி. எந்த நீரானாலும் முதல் நாள் மாலை வாளியில் பிடித்து, தொட்டி இருக்கும் அதே அறையில் ஏர் ஸ்டோன் போட்டு வைத்தால், காலையில் வெப்பமும் சமமாகியிருக்கும், காற்றும் கலந்திருக்கும்.

ஹீட்டர் எவ்வளவு வேண்டும் என்பது எளிய கணக்கு. 100 லிட்டர் நீரை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 419 கிலோஜூல் ஆற்றல் தேவை. 100 வாட் ஹீட்டர் இழப்பே இல்லாமல் அதைச் செய்ய 70 நிமிடம் ஆகும். சமவெளியில் லிட்டருக்கு 1 வாட் தாராளம். மலையூர்களில் கூடுதல் வேண்டும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியின் இணைப்பு முனைகள் காலப்போக்கில் ஒட்டிக்கொண்டு, ஹீட்டர் அணையாமலே எரிவது உண்டு. பெரிய ஹீட்டர் ஒன்று அப்படிச் சிக்கினால் ஒரே இரவில் தொட்டி வெந்துவிடும். பாதி வாட்டுள்ள இரண்டை வைத்தால், ஒன்று சிக்கினாலும் நீர் மெதுவாகவே ஏறும், ஒன்று செத்தாலும் மற்றது ஓரளவு தாங்கும். கருவியை 25 அல்லது 26 டிகிரியில் நிறுத்தினால் சென்னையிலோ மதுரையிலோ அது ஆண்டில் பெரும்பாலான நாள் எரியவே எரியாது. எரிய வேண்டிய சில இரவுகளுக்காகத்தான் அது அங்கே இருக்கிறது. டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் மட்டும் விலக்கு. 28-லிருந்து 30 டிகிரி அந்த மீனின் இயல்பு. அவர்கள் மீன் எண்ணிக்கையைக் குறைத்து, காற்றையும் நீர் மாற்றத்தையும் கூட்டி அதற்கு ஈடுகட்ட வேண்டும்.

கோடையில் இறக்குவதற்கு மண்பானை செய்வதையே தொட்டிக்கும் செய்யலாம். மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியைத் திருப்பினால் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துப் போகும். 100 லிட்டரிலிருந்து 1 லிட்டர் ஆவியாகப் போனால், வெளியிலிருந்து வெப்பம் சேராத நிலையில் மீதி நீர் 5 டிகிரிக்கு மேல் குளிரும். அறைச் சூடு திரும்பச் சேர்வதால் கைக்குக் கிடைப்பது 2 அல்லது 3 டிகிரி. காற்று உலர்ந்த திருச்சியிலும் மதுரையிலும் இது நன்றாக வேலை செய்யும், புழுக்கமான சென்னைக் கடலோரத்தில் குறைவாகவே. பனிக்கட்டியைப் போடுவது தவறு. அது நாம் தவிர்க்க நினைக்கும் திடீர் இறக்கத்தையே உண்டாக்குகிறது.

மின்வெட்டு பற்றிய அச்சமும் இந்தக் கணக்கால் சரியான இடத்துக்கு வரும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரத்தில் பலரும் முதலில் கவலைப்படுவது ஹீட்டர் அணைந்ததைப் பற்றி. நூறு லிட்டர் நீர் மெதுவாகவே குளிரும். மூடியை மூடி, கண்ணாடியைச் சுற்றிக் கம்பளி போர்த்தினால் இன்னும் மெதுவாக. அதற்கு வெகுமுன்பே ஆக்சிஜன் தீர்ந்துவிடும், ஃபில்டருக்குள் நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறத் தொடங்கும். மின்கலத்தில் ஓடும் ஒரு ஏர் பம்பும் தீனியை நிறுத்திவைக்கும் மன உறுதியும் அந்த இரண்டு நாளில் மீனைக் காக்கும். நலமான வளர்ந்த மீன் சில நாள் பட்டினியைப் பொருட்படுத்தாது.

எந்த மீனை எந்த மீனோடு வைக்கிறோம் என்பதும் வெப்பக் கேள்விதான். சென்னைக் கொளத்தூர்ச் சந்தையில் ஒரே கடையில் தங்கமீனும் டிஸ்கஸும் கிடைக்கும். ஆனால் தங்கமீன் கிழக்காசியாவின் மிதமான நீரிலிருந்து வந்தது. 18-லிருந்து 23 டிகிரி அதற்கு உகந்தது. அதன் தொட்டியில் ஹீட்டருக்குச் சமவெளியில் வேலையே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் விரைந்தோடும் ஓடைகளுக்கே உரிய டெனிசன் கெண்டை, ‘மிஸ் கேரளா’ என்று விற்கப்படுவது, குளிர்ந்த, ஆக்சிஜன் மிகுந்த நீரைக் கேட்கும். இயற்கையில் அருகிவரும் இனம் அது. அதை 30 டிகிரி நீரில் வாட்டுவது பொறுக்கத்தக்கதல்ல. கப்பி, மோலி, கௌராமி, ஃபைட்டர் ஆகியவை நம் சமவெளிக்கு இசைந்தவை. இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்கு மட்டுமே உரிய செர்ரி கெண்டையும், காற்றோட்டமுள்ள செடித் தொட்டியில், 24 முதல் 26 டிகிரியில் நலமாக இருக்கும். ஊரின் வெப்பத்துக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தவருக்கு ஹீட்டரோடு மல்லுக்கட்டும் வேலை பாதி குறைந்துவிடும்.

ஆகவே ஹீட்டர் வாங்கப் போகும் வாசகரே, அதற்கு முன் நல்ல தெர்மாமீட்டர் ஒன்றை வாங்குங்கள். ஒரு வாரம் விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே 3 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ, விடியற்கால அளவு 24-க்குக் கீழே போனாலோ, வெப்பநாட்டு மீன்கள் உள்ள தொட்டிக்கு ஹீட்டர் தேவை. இரண்டும் இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு இன்னொரு ஏர் பம்ப் வாங்குங்கள்.